புள்ளி வைத்த குஞ்சுகள்

“தலையில வெள்ளைப் புள்ளி இருந்தா அது சேவல். புள்ளி இல்லாட்டி பொட்டை. அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய்ப் படிப்பு வேணுமா, பட்டம் வேணுமா?” என்றாள் மூத்த மருமகள், இன்குபேட்டரின் கதவில் கை வைத்தபடி.

உள்ளே கீச்கீச்சென்று ஒரே ரகளை. முட்டையை உடைத்துக்கொண்டு வந்த கறுப்புக் குஞ்சுகள், ஈரம் காய்ந்து, பஞ்சு உருண்டைகளாக ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன.

“அந்தப் புள்ளி எதனாலக்கா வருது?” என்று கேட்டாள் இளையவள்.

“எதனால வந்தா என்ன? வருது. பாக்குறேன், பிரிக்கிறேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்புனதில்ல. என் கண்ணு அப்படி!”

மூத்தவளுக்கு அந்த வட்டாரத்தில் முட்டைக்காரம்மா என்றே பெயர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை நிறைய, கறுப்பில் வெள்ளை வரி ஓடிய கோழிகள். பேக்கரிக்கும் ஓட்டலுக்கும் அவள் முட்டைதான். தானும் கொஞ்சம் கோழி வளர்த்து, சொந்தமாக நாலு காசு பார்க்க வேண்டுமென்று இளையவளுக்கு ஆசை. வெளியே பொட்டைக் குஞ்சு விற்கிற விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. கல்யாணமான நாளிலிருந்து மூத்தவளிடம் கேட்டுப் பார்க்கிறாள். அவள் பிடிகொடுக்கவே இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாருக்கே பொறுக்கவில்லை. “அவளுக்கும் கொஞ்சம் குடேன்டி. நீ தின்னது போகத்தானே கேக்குறா?”

“குடுக்க மாட்டேன்னு யாரு சொன்னா அத்தை? புள்ளி வச்சது பூரா அவளுக்கு. புள்ளி இல்லாதது எனக்கு. நீங்களே சாட்சி.”

“பொட்டைய நீ வச்சுக்கிட்டு, சேவலை அவ தலையில கட்டுற. என்ன தாராளம்!” என்று மாமியார் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டார்.

“பேச்சு மாற மாட்டீங்களேக்கா?” என்றாள் இளையவள்.

“நானா? அத்தனையும் புள்ளியோட பொரிச்சிருந்தாலும் உனக்குத்தான்டி. போதுமா?”

கதவு திறந்தது. மூத்தவள் ஒரு குஞ்சைத் தூக்கித் தலையைப் பார்த்தாள். “சேவல். இந்தா பிடி.” அடுத்ததும் சேவல். “உனக்கு யோகம்தான் போ.” அதற்கடுத்ததும் சேவல்.

இளையவளின் கூடை நிறைய நிறைய, மூத்தவளின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தலையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாமியாரின் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டும் பார்த்தாள். புள்ளி, புள்ளி, புள்ளி.

“என்னடி, உன் கூடையில காத்துதான் குஞ்சு பொரிச்சிருக்கு போல!” என்று மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“மெஷின்ல சூடு ஏறிப்போயிருக்கும். அதான் மொத்தமும் ஆம்பளையாப் போச்சு.” மூத்தவள் சட்டென்று தெம்பாகிவிட்டாள். “எனக்கென்ன, அடுத்த தடவை பொட்டையா வரப்போகுது. நீ அள்ளிட்டுப் போம்மா. விடிஞ்சா உங்க வீட்டுல பாட்டுக் கச்சேரிதான்!”

“ரொம்ப நன்றிக்கா” என்று இளையவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. ஆசை ஆசையாகக் கூண்டு அடித்து வைத்துக் காத்திருந்த கணவன், விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அத்தனையும் சேவலா? வெட்கமில்லாம வாங்கிட்டு வேற வந்திருக்க! முட்டை போடும்னு பாத்தா, இது கூவுற கூவுல பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிடப் போறான்.”

அவள் பதறவில்லை. தரையில் துண்டை விரித்துக் குஞ்சுகளை இரண்டு பக்கமாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

“புள்ளி பெருசா, கலைஞ்ச மாதிரி இருந்தா சேவல். சின்னதா, பொட்டு வச்ச மாதிரி இருந்தா பொட்டை. பாதிக்குப் பாதி தேறும், பாருங்க.”

“புள்ளி இருந்தாலே சேவல்னுதானே அண்ணி சொல்வாங்க? அவங்களுக்குத் தெரியாததா?”

“இத்தனை நாள் அவங்க சொன்னது சரிதாங்க. வரி போட்ட தாய்க்கோழி இருக்கே, அது அந்தப் புள்ளிய ஆம்பளப் பிள்ளைக்கு மட்டும்தான் குடுக்கும். அப்பன் சிவப்புச் சேவல், அதுகிட்டக் குடுக்கப் புள்ளியே இல்ல. அதனால பொண்ணுங்க வெறுந்தலையோட வந்துச்சு. ஆனா அப்பனும் வரிச் சேவலா இருந்தா, பையன் பொண்ணுன்னு பாக்காம எல்லாத்துக்கும் குடுத்துரும். ரெண்டு பேர்கிட்டயும் வாங்குற பையனுக்குப் பெரிய புள்ளி. அப்பன்கிட்ட மட்டும் வாங்குற பொண்ணுக்குச் சின்னப் புள்ளி. கால்நடை டாக்டரம்மாகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

கணவன் தலையைச் சொறிந்தான். “எல்லாம் சரி. அண்ணிகிட்ட இருக்கிறது அந்தச் சிவப்புச் சேவலாச்சே. வரிச் சேவல் எங்கேர்ந்து வந்துச்சு?”

“அது கிழடாயிருச்சுன்னு புலம்பிக்கிட்டே இருந்தாங்க, பாவம்” என்றபடி அவள் ஒரு சின்னப் பொட்டுக்காரியைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். “அதான் அவங்க பிறந்தநாளுக்கு, வரிவரியா அம்சமா ஒரு சேவல் பாத்து, கழுத்துல ரிப்பன் கட்டி, நான்தானே பரிசு குடுத்தேன்!”