தேத்தண்ணி குடிக்காத பிள்ளை

துறைமுக வீதிச் சந்தியில் ஆட்டோவை விட்டு இறங்கிய இன்பமலர் நிமிர்ந்து பார்த்தாள். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தென்னை உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. அதில் அவளுடைய மகன் ஜனுஷன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். கையில் தேநீர்க் கோப்பை வேறு. 'இந்தச் சிரிப்புக்கு எங்கள் தேயிலை' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே இருந்ததை வாசிக்க அவளுக்குப் பொறுமை இருக்கவில்லை.

மனம் குழம்பி வீட்டை விட்டுப் போன பிள்ளை. இரண்டு வருடமாகத் தேடுகிறாள். அவனோடு கம்பஸில் படித்த ஸல்ஹா போன மாதம் அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்து, "ஜனுஷனைத் தேடி விளம்பரம் போடுவம், நல்ல படமொண்டு தாங்க அன்ரி" என்றாள். மாதாவே அனுப்பிவைத்தவள் என்று நம்பிக் கொடுத்த படம் அது.

ஸல்ஹா லேசுப்பட்டவள் அல்ல. கிண்ணியாவிலிருந்து போய்க் கொழும்பில் பெரிய விளம்பரக் கம்பனியை ஆட்டிப்படைப்பவள். குடை விற்பதற்காக பஸ் தரிப்பிடங்களின் கூரையைக் கழற்றவைத்தவள். ஊரே திட்டியது, ஆனால் கடைகளில் ஒரு குடை மிஞ்சவில்லை. அவளிடம் போய்ப் படத்தைக் கொடுத்தோமே என்று இன்பமலருக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது.

கைபேசி அடித்தது. தெரியாத நம்பர். வெட்டினாள். காலையிலிருந்து இதே தொல்லை, எதையாவது விற்கிறவர்களாக்கும்.

பலகைக்குக் கீழே தேயிலைக் கம்பனிக்காரரோடு நின்ற ஸல்ஹாவிடம் நேரே போனாள்.

"தேயிலை விக்க என்ர பிள்ளைதானா உனக்குக் கிடைச்சவன்?"

"அன்ரி, ஆறுதலாக் கேளுங்க."

"கேக்க என்ன கிடக்கு? அவன் தேத்தண்ணியே குடிக்கமாட்டான். உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அன்ரி."

"தெரிஞ்சுகொண்டுதான் கோப்பையைக் குடுத்தனியோ? நீயும் ஒரு மனுசியா?"

"விடுங்க அக்கா, விளம்பரக்காரருக்கு ஏது மனச்சாட்சி" என்றான் கூடவே வந்த ஆட்டோக்கார முனாஸ்.

மறுபடியும் கைபேசி. மறுபடியும் வெட்டினாள்.

ஸல்ஹா கோபப்படவில்லை.

"பஸ் ஸ்டாண்ட் முழுக்க நோட்டீஸ் ஒட்டினீங்களே அன்ரி. ஆராவது கோல் எடுத்தாங்களா?"

ஒருவரும் எடுக்கவில்லை.

"காணேல்லை எண்டு போட்டா சனம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிரும். சும்மா ஏதும் கிடைக்குது எண்டா நிண்டு பாக்கும். மூண்டு மொழியிலயும் அடிச்சு, மாத்தறை வரைக்கும் எல்லா டவுனிலயும் நிறுத்தியிருக்கிறன். முனாஸ், கீழ இருக்கிறத வாசிங்க."

முனாஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமாக வாசித்தான்.

"'இவர் இருக்கும் இடத்தை முதலில் சொல்பவருக்கு ஒரு வருடத் தேயிலை இலவசம். உடனே அழையுங்கள்.' பிறகு ஒரு நம்பர் போட்டிருக்கு."

அவன் முடிக்குமுன் கைபேசி திரும்பவும் அடித்தது. பழக்கதோஷத்தில் வெட்டப்போன இன்பமலரின் கையை ஸல்ஹா எட்டிப் பிடித்தாள்.

"வெட்டாதீங்க அன்ரி. போர்டில இருக்கிறது உங்கட நம்பர்தான்."