கெளுத்திக் குளத்து வளையல்

"எடுறா சின், கடைசிச் சொட்டு வரைக்கும் எடு! மருமவ வளையலுக்காகக் குளத்தையே வத்த வைக்கிற மாமியா இந்த வாய்க்கால் கரையில நான் ஒருத்திதான்!"

கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாம் அம்மாள் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். சின் மூச்சை அடக்கிக்கொண்டு குழாயைக் குளத்துக்குள் இறக்கினான்.

பெட்ரோலில் ஓடும் பம்பு செட்டைப் படகில் ஏற்றிக்கொண்டு பதினெட்டு வருஷமாக வயலுக்கும் குளத்துக்கும் தண்ணீர் இறைக்கிறான் சின். ஆனால் கக்கூஸுக்குக் கீழே வெட்டிய கெளுத்திக் குளத்தை இறைக்க எவன் கூப்பிட்டும் இதுவரை சம்மதித்ததில்லை. மேலே பலகை, கீழே மீன். மேலே இருந்து விழுவதுதான் மீனுக்குச் சாப்பாடு. கருமம்!

இன்று ஒப்புக்கொண்டது தாம் அம்மாளின் மருமகள் லுவாவுக்காக. கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகிறது. கக்கூஸ் பலகையைத் தேய்க்கும்போது, மாமியார் போட்ட தங்க வளையலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாளாம். தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் காணோம்.

"பலகை இடுக்கு வழியா விழுந்திருக்கும்" என்று அவள் அழுகிறாள். "பொறந்த வீட்டுக்கு அனுப்பிட்டு விழுந்துச்சுங்கிறா" என்று மாமியார் சாதிக்கிறாள். இன்று வளையல் கிடைக்காவிட்டால் லுவா தாய் வீட்டுக்கே போய்விட வேண்டும். அவளுடைய துணிமூட்டை ஏற்கெனவே வாய்க்காலில் கட்டியிருந்த வீட்டுப் படகில் ஏறிவிட்டது. சைகோன் பக்கம் தொழிற்சாலையில் இருக்கும் புருஷன், "அம்மா சொல்றதைக் கேளு" என்று போனிலேயே முடித்துக்கொண்டான். அவனும் ஒரு ஆம்பளை, தூ!

பம்பு வாயில் வாளித் தண்ணீரை ஊற்றிக் கயிற்றைச் சுண்டியதும் பம்பு உறுமியது. குழாய் முனையிலிருந்த சல்லடை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு தரமும் சின் இடுப்பளவு சேற்றில் இறங்கி, ஒட்டியிருந்ததைக் கையாலேயே வழித்து எறிந்தான். வளையல் இருக்கிறதா என்று விரலால் தடவினானே ஒழியக் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தால் ஒரு வாரம் சோறு இறங்காது.

அந்தச் சேற்றில்தான் லுவாவும் மண்டியிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். முகத்திலும் முடியிலும் எல்லாம் அப்பியிருந்தது.

"கையை நல்லா உள்ள விட்டுத் தேடுடி! மேலாக்கத் தடவி நடிக்கிறியா?" என்றாள் தாம் அம்மாள், துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

கரை நெடுக ஊர்க்காரர்கள் கூடையோடு நின்றார்கள். குளத்துக்காரர் 'போதும்' என்று சொல்லிவிட்டால் மிச்ச மீன் ஊருக்கு. அது அங்கே வழக்கம். ஒரு பெண் அழுதுகொண்டே தேடுகிறாள், இவர்கள் கண்ணெல்லாம் துள்ளுகிற கெளுத்தி மேல்.

"தாம் அக்கா, சீக்கிரம் சொல்லுங்க. வெயில்ல மீன் செத்துப்போவும்!" என்று ஒருத்தி கத்தினாள்.

"இந்த மீனையா திங்கப் போற?" என்று சின் கேட்டான்.

"புளியைப் போட்டுக் கொதிக்க வச்சா எல்லாம் மீனுதான். நீ மட்டும் பெரிய ராஜாவா?"

சின் மறுபடியும் சல்லடையை வழிக்கக் குனிந்தான். அதற்குள் தாம் அம்மாள் எழுந்துவிட்டாள்.

"போதும்! எல்லாரும் இறங்கிப் புடிச்சுக்குங்க!"

"வளையல் இன்னும் கிடைக்கலையே அக்கா? பாதிச் சேறு அப்படியே கிடக்கு. இத்தனை பேர் மிதிச்சா அப்புறம் தேடவே முடியாது" என்றான் சின்.

"இருந்தாத்தானேடா கிடைக்க? அது அவ ஆத்தா கையில மின்னிக்கிட்டு இருக்கும். ஏய், எழுந்திருச்சுப் படகுல ஏறு! கழுவிட்டு ஏறு, படகு நாறப்போவுது."

கூடைகள் தடதடவென்று இறங்கின. "அத்தை, இன்னும் கொஞ்ச நேரம் அத்தை!" என்று லுவா கெஞ்சினாள். மீனைத் துரத்தி வந்த ஒருவன் அவள் கையை மிதித்துக்கொண்டு ஓடினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாற்றம்கூடச் சின்னுக்குப் பழகிவிட்டது. இந்த ஜென்மங்களைத்தான் சகிக்க முடியவில்லை. சீ, இதுகளோடு ஒரே தண்ணீரைக் குடித்தா வளர்ந்தோம் என்றிருந்தது.

கடைசியாக ஒருமுறை சல்லடையை வழித்தான். வட்டமாக ஏதோ விரலில் தட்டுப்பட்டது. அவசரமாகச் சேற்றைத் துடைத்தான். எந்தக் காலத்திலோ விழுந்த துருப்பிடித்த இரும்பு வளையம்! லுவாவும் பார்த்துவிட்டாள். அவள் முகம் செத்துப்போயிற்று.

தூக்கி எறியப்போன சின், கையை நிறுத்தினான். வளையத்தின் மேல் மறுபடியும் சேற்றை வழித்து அப்பினான். இதனால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகப்போகிறது என்று அவனுக்கே தெரியாது. இந்தப் பொம்பளையின் இளக்காரப் பேச்சு ஒரு நிமிஷமாவது நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"வளையல் கிடைச்சிருச்சு!" என்று கையைத் தூக்கிக் கத்தினான்.

மீன் பிடித்தவர்கள் அப்படியே நின்றார்கள். "அட, பாவம் அந்தப் பொண்ணு! உண்மையைத்தான் சொல்லியிருக்கு!" என்றது ஒரு குரல். எல்லாத் தலைகளும் தாம் அம்மாள் பக்கம் திரும்பின.

அவள் மூக்குத் துணி நழுவிச் சேற்றில் விழுந்தது.

"யாருகிட்டடா கதை விடுற? அதை என் பெட்டியிலதானே பூட்டி வச்சிருக்கேன்!"