மாப்பிள்ளை சொல்லட்டும்

ஆறு புடவைகளும் அவனுக்கு ஒரே நிறத்தில் இருந்தன.

காய்ந்த புளியம்பழ ஓட்டின் நிறம்.

"எங்க வீட்டுல முகூர்த்தத்துக்கு அரக்குதான்" என்றாள் மேகலாவின் அம்மா. "எந்த அரக்குன்னு மாப்பிள்ளை சொல்லட்டும். ஃபோட்டோ எடுக்கிற கண்ணு."

பட்டுக்கடையின் வெள்ளை விரிப்பில் இரண்டு குடும்பங்களும் உட்கார்ந்திருந்தன. பதினோரு பேர். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

பிறந்ததிலிருந்து சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுதான்.

அவன் வீட்டில் தெரியும். ஸ்டுடியோவில் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளப் போகிற மேகலாவுக்குத் தெரியாது. சொல்வதற்கு நான்கு மாதமாக நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் அவன் அம்மா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

தொழிலில் அவனுக்குப் பயமே கிடையாது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் நிறத்துக்கு அளவுகோலாகச் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து முதல் படம் எடுப்பான். நிறங்களைக் கணினியில் எண்களாகப் படிப்பான். கண்ணை நம்புகிறவர்கள் மேடையின் ஊதா விளக்கில் ஏமாந்துபோவார்கள். அவன் ஏமாந்ததில்லை. ஆல்பத்தில் புடவை நிறம் மாறிவிட்டதென்று எந்த மணப்பெண்ணும் அவனைத் தேடி வந்ததில்லை.

இங்கே எண்கள் இல்லை.

வெளிச்சம் இருந்தது.

"ஒவ்வொண்ணா தோள்ல போட்டுக் காட்டுங்க."

கடைக்காரர் போட்டார். அவன் புடவையைப் பார்க்கவில்லை. மேகலாவைப் பார்த்தான்.

முதலாவதில் அவள் கண்ணுக்குக் கீழே நிழல் இறங்கியது. இரண்டாவதில் கழுத்து மங்கியது. மூன்றாவது பரவாயில்லை. நான்காவதைப் போட்ட வேகத்திலேயே எடுக்கச் சொன்னான்.

ஐந்தாவது, வாசலிலிருந்து வந்த வெளிச்சத்தை வாங்கி அப்படியே அவள் கன்னத்துக்குக் கொடுத்தது.

"இது."

கடைக்காரர் மேகலாவின் அம்மாவைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை" என்றாள் மேகலாவின் அம்மா, மெதுவாக. "இது பச்சை. வரவேற்புக்குன்னு எடுத்து வச்சது, இதுல கலந்துடுச்சு."

மேகலாவின் தாய்மாமன் தொடையில் தட்டிச் சிரித்தார். "மாப்ள நம்மள ஓட்டுறாரு, அக்கா! ஃபோட்டோகிராஃபருக்கா பச்சை தெரியாது?"

விரிப்பு முழுக்கச் சிரிப்பு.

அவனும் சிரித்திருக்கலாம். அதோடு போயிருக்கும்.

"நிஜமாவே தெரியாது மாமா. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். பிறவியிலேர்ந்தே."

மேகலாவின் பக்கம் திரும்பினான்.

"உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்புதான். ஆனா உன் முகத்துக்கு இதுதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

சிரிப்பு நின்றது. மாமாவின் கை தொடையிலேயே இருந்தது.

மேகலா புடவையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"நிச்சயத்தன்னைக்கு என்னை ஒரு படம் எடுத்தீங்களே. எங்க ஆபீஸே பார்த்துச்சு. அது?"

"வெளிச்சத்தைப் பார்த்து எடுத்தது."

"நாலு மாசம்" என்றாள்.

"ம்."

"நாலு மாசமா நான் எந்தச் சுடிதார் போட்டு வந்தாலும், நல்லாருக்குன்னீங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபமா, சிரிப்பா என்று அவள் அம்மாவுக்கே தெரியவில்லை.

பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கடையில அரக்கு எத்தனை இருக்கோ அத்தனையும் இறக்குங்க. நிறத்தை நான் பார்த்துக்கறேன்."

அவர் எழுந்து போனார்.

முதல் புடவை வருவதற்கு முன்பே, அவள் முகத்தில் வாசல் வெளிச்சம் விழும்படி அவன் பக்கமாகத் திரும்பி, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.