நாலு விதை

"இது கிளியா, கடிநாயா?"

ஆள்காட்டி விரலை வாயில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள் மாமியார். இந்த வாரத்தில் இது மூன்றாவது கடி. நேற்று ஊசி குத்தாமலிருக்கப் போடும் அங்குஸ்தானை விரலில் மாட்டிக்கொண்டு கூண்டருகே போனாள். மாட்டாத விரலாகப் பார்த்துக் கடித்தது.

"தையல் வேலை அப்படியே கெடக்கு. ஊசியப் பிடிக்க முடியல. உன்னைக் கடிக்குதா? உன் புருஷனைக் கடிக்குதா? என்னை மட்டும் கடிக்குதுன்னா, யாரோ பழக்கி விட்டிருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

யாரோ என்று சொல்லும்போது மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். நீலக்கிளி மருமகளின் பிறந்த வீட்டிலிருந்து அவளோடு வந்தது.

"எங்க வீட்ல இருந்தவரைக்கும் அது யாரையும் கடிச்சதே இல்ல அத்தை."

"ஓ, அப்ப இந்த வீட்டு ராசியாக்கும்!"

உள்ளறையிலிருந்து ஒரு சீப்பு பறந்து வந்து விழுந்தது.

"காலங்காத்தால என்ன கூச்சல்? என் சட்டை எங்க? இந்த வீட்ல வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்கவே இருக்காதா?"

மகனுக்கு மூக்கு நுனியில் கோபம். லாரி ஆபீஸில் அடக்கி வைத்ததையெல்லாம் வீட்டில்தான் கொட்டுவான்.

"இதோ, இதோ! கோபப்படாதப்பா." கடிபட்ட விரலோடு ஓடிப்போய்ச் சட்டையைத் தேடிக் கொடுத்தாள் மாமியார். தட்டில் கூடுதலாக ஒரு முட்டையும் வைத்தாள்.

முட்டையை மென்றுகொண்டே அவன் தீர்ப்புச் சொன்னான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் கிளி வீட்ல இருக்கக் கூடாது."

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரே ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம் அத்தை. அவரும் கைவிரிச்சா நானே கொண்டுபோய் விட்டுடறேன்."

"கிளிக்கு டாக்டராம்! வேற வேலை இல்ல."

முணுமுணுத்தாலும், பஸ்ஸில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு போனது மாமியார்தான்.

டாக்டர் கேட்டார். "கடிச்ச உடனே என்ன செய்வீங்கம்மா?"

"திட்டுவேன்."

"அப்புறம்?"

மாமியார் மருமகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சூரியகாந்தி விதை குடுப்பேன்."

"கடிச்சதுக்கா?"

"கோபமா இருக்கே, பசியோ என்னவோ. வாயில்லா ஜீவன்கிட்ட என்ன வீம்பு? முதல்ல ஒண்ணுதான் குடுத்தேன். இப்ப நாலு குடுத்தாத்தான் அடங்குது."

மருமகள் மாமியாரின் கடிபட்ட விரலைப் பார்த்தாள். அதுவே மாமியாருக்கு என்னவோ போலிருந்தது.

டாக்டர் சொன்னார். "தப்பு கிளி மேல இல்ல. கடிச்சாக் கிடைக்கும்னு நீங்களே பழக்கிட்டீங்க. திட்டவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். கடிச்சா நகர்ந்துடுங்க. பத்து நிமிஷம் கண்டுக்கவே கூடாது. அமைதியானப்புறம் குடுங்க."

"எப்ப மாறும் டாக்டர்?"

"எத்தனை நாளாப் பழகிச்சோ, அதைப் பொறுத்தது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியார் மெல்லச் சொன்னாள். "உன்னைத் தப்பா நெனச்சுட்டேம்மா."

"விடுங்க அத்தை."

சாயங்காலம் மகன் வந்தான். செருப்பு மூலைக்கொன்றாகப் பறந்தது.

"டீ எங்க? மனுஷன் நாயா உழைச்சுட்டு வர்றான், ஒரு டீக்கு வழியில்ல! ரெண்டு பேரு வீட்ல இருந்து என்ன பண்றீங்க?"

டீ மாமியார் கையில் தயாராக இருந்தது. கால் வழக்கம்போல் இரண்டடி முன்னால் போனது. நின்றாள். பால்கனியில் தொங்கிய கூண்டைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அந்த டீயைத் தானே ஒரு வாய் குடித்தாள்.

"அம்மா! கேக்கறது காதுல விழலையா?"

"விழுதுப்பா. பத்து நிமிஷம் ஆகட்டும்."

மருமகள் பக்கம் திரும்பினாள்.

"கடிகாரத்தைப் பாத்துக்கோம்மா. கிளி சீக்கிரம் மாறிடும். இது முப்பத்தஞ்சு வருஷமா நான் பழக்கினது, கொஞ்சம் லேட்டாகும்."