நானூற்றுப் பன்னிரண்டாம் தலைமுறை

சுபாங்கி கனடாவில், விட்பி நகரில், வீட்டிலிருந்தே ஒரு வீடியோ கேம் நிறுவனத்துக்கு வேலை செய்தாள். ஆட்டத்துக்கான லெவல்களை அவள் வரைவதில்லை. அவள் எழுதிய புரோகிராம் தானே உருவாக்கும். ஒரு தலைமுறைக்கு இருநூறு லெவல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய உருவம் ஓடி வழி தேடும். அந்த உருவம் வெளியேற முடியாத லெவல்கள் அழிக்கப்படும். மிஞ்சியவை கலந்து அடுத்த தலைமுறை பிறக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை, நானூற்றுப் பன்னிரண்டாம் தலைமுறையில், வாசலே இல்லாத ஒரு லெவல் முழுப் புள்ளிகளோடு முதலாவதாக நின்றது. அதை ஓட்டிப் பார்த்தாள். ஒரு வீட்டின் அறைகளைப் போல இருந்தது. உருவம் குசினியைத் தாண்டிப் பின்னறைக்குப் போய், மூலையில் இருந்த பெட்டிக்குள் நின்றுகொண்டது. ‘வெளியேறியது’ என்று திரை காட்டியது.

தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா திரையைக் குனிந்து பார்த்தார்.

“உது டோர்செட் பார்க்கில எங்கட பழைய அப்பார்ட்மெண்ட் எல்லோ?”

அது தீப்பிடித்த அன்று சுபாங்கி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தம்பி புகையில் செத்தான் என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும்.

“உந்த மூலையில என்னம்மா இருந்தது?”

“அலுமாரி. அதுக்குள்ள இருந்துதான் அவனை எடுத்தவங்கள். உனக்கு நாங்கள் சொல்லேல்லை.”

சுபாங்கி அந்த லெவலை அழித்தாள். அடுத்த தலைமுறை பிறந்தது. இருநூறும் அதே வீடு. இம்முறை எல்லாவற்றிலும் வாசல் இருந்தது. இருநூறு உருவங்களும் வாசல்வரை ஓடிவந்து நின்றன.

“ஏன் வெளியால போகுதில்லை?”

“அவனுக்குக் காய்ச்சல். எழும்பி ஓடிடுவான் எண்டு, வேலைக்குப் போகேக்க நான்தான் வெளியால பூட்டுப் போட்டனான்.”

உருவங்கள் கதவைத் தட்டத் தொடங்கின. ஓடவும் குதிக்கவும் மட்டுமே சுபாங்கி அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.