முதுகுப் பக்கத்து முடிச்சு

"விளையாடாம சொல்லுக்கா, இதை யாரு உனக்குக் கட்டி விட்டது?"

தங்கை கேட்டதும் அக்கா அடுப்பைப் பார்த்தபடியே சிரித்தாள். அவள் இடுப்பில் நீலப் புள்ளி போட்ட ஏப்ரன். பழைய பத்திரிகை விளம்பரங்களில் பெண்கள் கட்டியிருப்பார்களே, அதே பாணி. இடுப்பில் நெருக்கமான சுருக்கம், அலை அலையாய் வெட்டிய ஓரம், முதுகுப் பக்கம் அகலமான நாடா. அந்த நாடாவில் பட்டாம்பூச்சி முடிச்சு. இரண்டு சிறகும் ஒரே அளவு.

"யாரு கட்டினா என்ன? நல்லா நிக்குதில்ல?"

"உன் வலது கை முதுகுப் பக்கமே போகாது. காலையில உனக்குத் தலை பின்னி விட்டதே நான்தான். வீட்டுல நம்ம ரெண்டு பேரைத் தவிர வேற ஆள் கிடையாது. அப்புறம் எப்படி?"

"உன் மாமாதான்," என்றாள் அக்கா, பால்காரர் வந்துவிட்டுப் போனார் என்பது போல.

மாமா, அதாவது அக்காவின் கணவர், மாரடைப்பில் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தங்கை மருத்துவமனையில் நர்ஸ். அக்காவின் தோள்பட்டை இறுகிப்போய்விட்டது என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்தே எதுவோ சரியில்லை. அக்கா ஏப்ரன் தைத்து கேக் கடைகளுக்குக் கொடுப்பவள். பழையவை எங்கே கிடைத்தாலும் வாங்கிச் சேர்ப்பவள். அது புதிதல்ல. ஆனால் இப்போது தூங்கும்போதும் ஏப்ரனோடுதான் தூங்கினாள். குளித்துவிட்டு வரும்போது, நனைந்ததை அவிழ்ப்பதற்கு முன்பே உலர்ந்த ஒன்றை அதன் மேல் சுற்றிக்கொண்டாள்.

"எதுக்குக்கா இத்தனை?" பீரோ நிறைய அடுக்கியிருந்ததைப் பார்த்துத் தங்கை கேட்டாள்.

"ஒண்ணு நனைஞ்சா ஒண்ணு வேணுமே."

மாமா இருந்த காலத்தில் அவர்தான் கட்டி விடுவார். விருந்தாளிகள் முன்னாலும் கூச்சப்படாமல் சமையலறைக்குப் போய், அக்காவின் பின்னால் நின்று, நிதானமாக முடிச்சுப் போடுவார். பார்க்கிற பெண்களுக்கெல்லாம் வயிறெரியும். "எனக்கும் வாய்ச்சிருக்கே ஒண்ணு, தன் ஷூ லேஸையே ஒழுங்கா கட்டத் தெரியாது" என்று தங்கையே பலமுறை புலம்பியிருக்கிறாள். அப்போதெல்லாம் அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். வெட்கம்.

மறுநாள் காலையில் தங்கை கண்ணாலேயே பார்த்தாள். அக்கா சிவப்புக் கட்டம் போட்ட ஏப்ரனை இடுப்பில் வைத்து, இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். நாடா இரண்டு பக்கமும் தொங்கியது. பால் பொங்கும் சத்தம் கேட்டுத் தங்கை திரும்பி அடுப்பை அணைத்தாள். மறுபடி பார்த்தபோது முடிச்சு விழுந்திருந்தது. நாடாவின் ஒரு முனை மட்டும் லேசாக ஆடி நின்றது.

"அக்கா, நீ டாக்டரைப் பார்க்கணும்," என்றாள் தங்கை.

"தோளுக்குத்தானே? பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"மனசுக்கு. அவர் போயிட்டார்க்கா. நீ விட மாட்டேங்கிற."

அக்கா எதுவோ சொல்ல வந்து, தன் முதுகுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்து, வாயை மூடிக்கொண்டாள்.

மதியம் வலி மாத்திரை போட்டுக்கொண்டு அக்கா அசந்து தூங்கினாள். தெருவில் பழைய துணி வாங்கும் வண்டியின் மணிச் சத்தம். தங்கைக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. அக்கா அழுவாள், திட்டுவாள், அப்புறம் தேறிவிடுவாள். புண்ணைச் சுத்தம் செய்தால் வலிக்காமலா இருக்கும்?

பீரோவைக் காலி செய்து மூட்டை கட்டினாள். தையல் மெஷின் மேல் பாதி தைத்துக் கிடந்ததையும், மிச்சமிருந்த நாடாச் சுருளையும் விடவில்லை. கடைசியாக, அக்கா இடுப்பில் இருந்தது. ஒருக்களித்துப் படுத்திருந்த அக்காவின் முதுகுப் பக்கம் உட்கார்ந்து, முடிச்சின் முனையை இழுத்தாள். வரவில்லை. மறுமுனையை யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரியால் வெட்டினாள்.

வண்டி தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தபோது, அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். இடது கை இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தது.

"எங்கடி?"

"எல்லாத்தையும் குடுத்துட்டேன்க்கா. கோபப்படாதே. உன் நல்லதுக்குத்தான்."

"ஒண்ணாவது எடு. சீக்கிரம்! ஒரு நாடா இருந்தாக்கூடப் போதும்!"

"ஒண்ணும் இல்லக்கா. அவரை நீயே இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தா, அவருக்கும் நிம்மதி இல்ல, உனக்கும்..."

"நானாடி பிடிச்சு வச்சிருக்கேன்?" அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். "உயிரோட இருந்தப்பவும் இதே கதைதான்டி. உங்க யார்கிட்டயும் சொல்ல வாய் வரல. அவர் கைக்குப் பிடிக்க நாடா இருக்கிற நேரம் மட்டும்தான், அது என் கழுத்துக்கு வராது."

தங்கை ஓடிவந்து தொடுவதற்குள், அக்காவின் கழுத்தில் இரண்டு பக்கமும் பத்து விரல்களின் தடம் மெல்லப் பதியத் தொடங்கியது.