பெரியய்யாவின் மூன்றாவது தேதி

கடலூர் ஜெபக்கூடத்துத் தகரக் கூரையின் கீழ் மின்விசிறி அனலைச் சுற்றிச் சுற்றிப் பரிமாறுகிறது. உலகம் போன வெள்ளிக்கிழமையே முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. சபையை நிறுவிவிட்டு என்றோ காலமான பெரியய்யாவின் நோட்டை மடியில் விரித்துக்கொண்டு போதகர் அன்பரசு இரண்டாவது முறையாகத் திருத்தம் சொல்கிறார். "பெரியய்யா தேதி தப்பல தங்கராசு. அவரு சித்திரையிலேர்ந்து எண்ணியிருக்காரு, நாமதான் ஜனவரியிலேர்ந்து எண்ணிட்டோம். வர்ற கார்த்திகதான் முடிவு. இவளுக்கு எதுக்கு நாலு வருஷப் படிப்பு?" தங்கராசு தலையாட்டுகிறார். அவர் கையில் மூடி திறக்காத பேனா. முழங்காலில் சிதம்பரம் நர்சிங் கல்லூரியின் சேர்க்கைப் படிவம். இன்று மாலைதான் கடைசி. காற்றில் துடிக்கும் அதன் ஓரத்தை மகள் சிந்துஜா ஒற்றை விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். "சித்தார்த் அண்ணன் இன்ஜினியரிங் எப்பங்கய்யா முடிக்கிறாங்க?" என்று பதவிசாகக் கேட்கிறாள். பெற்ற பெருமையில் போதகரின் முகம் மலர்கிறது. "எம் பையனா? போன மாசந்தான காலேஜுல சேத்தேன். நாலு வருஷம் ஆவும்ல." மின்விசிறி கிறீச்சிடுகிறது. நோட்டின் பக்கம் ஒன்று தானாகப் புரள்கிறது. தங்கராசு போதகரையே பார்த்தபடி, பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றுகிறார்.